நாற்பத்து மூன்று வினாடி

கொக்கட்டிச்சோலை
06.08.2024

'வாவியின் சாட்சி' என்ற பேஸ்புக் பக்கத்தை நடத்துபவருக்கு,

வணக்கம் சொல்லித் தொடங்குவதுதான் முறை. யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் பெயரைப் பக்கத்தில் எங்கும் காணவில்லை. என் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் போட்ட வீடியோவுக்குக் கீழே முந்நூறு பேருக்கு மேல் அதை எழுதிவிட்டார்கள். இருந்தாலும் நானே சொல்கிறேன். நான் கண்ணகை. வாவியின் இந்தப் பக்கம், படுவான்கரையில் தோணி வலித்து இறால் பிடிப்பவள்.

என்னிடம் இருப்பது பொத்தான் அமத்துகிற போன். உங்கள் வீடியோவைப் பக்கத்து வீட்டுத் தக்ஷாயினிதான் தன் போனில் காட்டினாள். நாற்பத்து மூன்று வினாடி. மண்முனைப் பாலத்தில் நின்று யாரோ எடுத்திருக்கிறார்கள். விடியற்காலை. ஒரு பெண் தோணியில் நின்றுகொண்டு சாக்குகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து எதையோ வாவிக்குள் கொட்டுகிறாள். சாக்கில் கோழிப் படம். அடுத்ததாக மறுகரையில், காத்தான்குடிப் பக்கம் ஒதுங்கிய செத்த கோழிகள். மேலே 'வாவிக்கு நஞ்சு வைக்கும் கை' என்று சிவப்பு எழுத்து. பார்த்ததும் எனக்கே அந்தப் பெண்ணின் கன்னத்தில் இரண்டு கொடுக்க வேண்டும் போல இருந்தது. அவள் நானாகப் போய்விட்டாள், அதுதான் இடைஞ்சல்.

நான் கொட்டியது கோழி இல்லை. கொப்பு. பூவரசு, நாவல் என்று கிடைக்கிற மரத்தில் வெட்டிய சின்னக் கொப்புகள். அவற்றை வாவியின் அடியில் குவித்துவிட்டால் இறாலும் மீனும் நிழலுக்கு வந்து ஒண்டும். இரண்டு கிழமை கழித்துச் சுற்றிவர வலையை வளைத்து, கொப்புகளை எடுத்து வெளியே போட்டால் உள்ளே நிற்பது எங்களுக்கு. இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, இந்தக் கரையில் பலர் செய்வது. மற்றவர்கள் இரண்டு பேராகக் கட்டுக் கட்டித் தூக்கிப் போவார்கள். எனக்குத் துணைக்கு ஆள் இல்லாதபடியால் சாக்கில் அடைத்து நானே தூக்குகிறேன். கோழித்தீன் வரும் சாக்கு பெரியது, இலகுவில் கிழியாது. அதில் கோழிப் படம் போட்டிருப்பது என் குற்றமா?

இப்போது இங்கே நடப்பதைக் கேளுங்கள். எங்கள் துறையில் முப்பத்திரண்டு தோணி. உங்கள் வீடியோ வந்த நாளிலிருந்து மறுகரையான எழுவான்கரை வியாபாரிகள் ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை. பத்து வருடமாக என்னிடம் இறால் எடுத்த ஹலீம் நானாகூட வரவில்லை. செத்த கோழி தின்ற இறாலை யார் வாங்குவார்கள் என்று கேட்டனுப்பியிருக்கிறார். ஒருத்தியால் முப்பத்தொரு பேர் ஏன் கெட வேண்டும் என்று துறையில் கதை தொடங்கிவிட்டது. செப்டம்பர் முதலாம் திகதி மீனவர் சங்கக் கூட்டம். என் பெயரை வெட்டுவதா வைப்பதா என்று அன்றைக்கு முடிவு. வெட்டினால் அந்தத் துறையில் நான் தோணி இறக்க முடியாது. வேறு தொழில் எனக்குத் தெரியாது. வீட்டில் அம்மாவும் இரண்டு மகள்மாரும் இருக்கிறார்கள்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேல் முறைப்பாடு இருந்தால் அவருக்கு முன்னால் எழுந்து நின்று, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும். குந்திக்கொண்டு சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் எழுந்து நிற்கவும் இல்லை, பெயர் சொல்லவும் இல்லை. ஆனால் ஊர் முழுக்க எழுதிக்கொண்டது.

இந்தக் கடிதத்தைத் தக்ஷாயினி படம் பிடித்து உங்கள் பக்கத்துக்கு அனுப்புவாள். பதிலைப் போனில் அனுப்ப வேண்டாம். போனில் வருவதை வெட்டலாம், ஒட்டலாம். தாளில் எழுதி, பெயர் போட்டு, கையெழுத்து வைத்துத் தபாலில் அனுப்புங்கள்.

கண்ணகை

—

மட்டக்களப்பு
10.08.2024

திருமதி கண்ணகை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது. நீங்கள் கேட்டபடி தாளில் பதில் எழுதுகிறோம்.

'வாவியின் சாட்சி' யாரையும் பழிவாங்குவதற்காகத் தொடங்கிய பக்கம் அல்ல. மூன்று வருடமாக வாவியில் கழிவு கொட்டுவதைப் படத்துடன் வெளியிட்டு வருகிறோம். இரவோடிரவாக மருத்துவக் கழிவு கொட்டிய டிப்பர் ஒன்றை எங்கள் படத்தை வைத்துத்தான் பிடித்தார்கள். அதற்கு முன்னர் ஊர்ச் சனம் எழுதிய மனுக்கள் எந்த மேசையில் கிடந்தன என்று யாருக்கும் தெரியாது. பெயர் போட்டு எழுதிய மனுவுக்கு இல்லாத பலம் பெயரில்லாத படத்துக்கு இருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

ஓகஸ்ட் முதலாம் திகதி அந்த வீடியோ எடுக்கப்பட்டது. மறுநாள் கரையெல்லாம் செத்த கோழிகள் ஒதுங்கின. நாற்றத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தே வெளியிட்டோம். நீங்கள் கொட்டியது கொப்புத்தான் என்பதற்கு ஆதாரம் தந்தால் பரிசீலிப்போம். அதுவரை உங்கள் பெயரைச் சொல்லி ஏசியிருக்கும் கருத்துகளை மறைத்திருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கிழித்தோம் என்று எழுத வேண்டும். பரவாயில்லை.

பக்க நிர்வாகம்

—

கொக்கட்டிச்சோலை
14.08.2024

கிழித்தவருக்கு,

நிர்வாகம் என்றால் பத்துப் பேர் மேசை போட்டு இருக்கிறீர்களாக்கும் என்று பயந்துபோனேன். கடைசி வரியில்தான் தெரிந்தது, நீங்கள் ஒற்றை ஆள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைச் சங்கத் தலைவர் நல்லரத்தினம் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டு முன்பக்கம் படித்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், கடித உறைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். பிறகு, "இது மொட்டைக் கடிதாசி புள்ள, இதக் கூட்டத்தில வாசிக்க ஏலா" என்று மடித்துத் தந்துவிட்டார்.

டிப்பரைப் பிடித்தது உங்கள் பக்கம்தான் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் எங்கள் வலையில் ஊசியும் மருந்துப் போத்தலும் வந்து விழுந்தது. என் கையிலேயே ஒன்று குத்தியது. பிறகு அது நின்றுபோனது. யார் நிறுத்தினார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஒரே கடிதத்தில் நன்றியும் சொல்லி ஏசவும் வேண்டியிருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஆதாரம் கேட்கிறீர்கள். கொப்பு தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அதைத் தபாலில் அனுப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடிய ஆறு மணிக்குத் துறைக்கு வாருங்கள். உங்களை என் தோணியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். நீங்களே கையைப் போட்டு எடுத்துப் பாருங்கள். வீடியோ எடுத்த பாலத்துக்கு வரத் தெரிந்தவருக்கு எங்கள் துறைக்கு வர வழி தெரியாமல் போகாது.

சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போன கிழமை போய் நின்றபோது பக்கத்தில் மீன் விற்ற பெண் தன் பெட்டியை ஒரு முழம் தள்ளி வைத்தாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். பெட்டியைத் தள்ளி வைத்ததற்கு என்ன பதில் சொல்வது?

கண்ணகை

—

காத்தான்குடி
20.08.2024

கண்ணகை அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோணியில் வந்தவள் நான்தான். 'பக்கத்திலிருந்து பார்த்துவரச் சொன்னார்கள்' என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஒன்றும் கேட்காமல் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. என் பெயர் ஹஸீனா. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் கண் பரிசோதிக்கும் வேலை. இதை வைத்து நீங்கள் என்னைக் கேலி செய்யப்போகிறீர்கள் என்று தெரியும், செய்யுங்கள்.

அந்த வீடியோவை எடுத்ததும் நானே. உங்கள் பக்கத்து ஊரொன்றில் கண்ணாடி கொடுத்துவிட்டு வரும் வழியில் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி எடுத்தேன். மறுநாள் எங்கள் கரையில் கோழிகளைக் கண்டதும் வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். உங்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. கேட்டால் ஆதாரத்தை மறைத்துவிடுவார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் போட்டுவிட்டேன்.

நீங்கள் தடியை ஊன்றித் தோணியை நிறுத்திவிட்டு, "கையப் போட்டு எடுங்க தங்கச்சி. முதலை கிடக்கும்தான், இண்டைக்கு அதுக்கு விரதம்" என்றீர்கள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் கையைப் போட்டேன். வழுவழுவென்று ஒரு கொப்பு வந்தது. அதன் இலைக் காம்புகளுக்கு இடையில் கண்ணாடி போலச் சின்ன இறால்கள் துள்ளின. எனக்கு அழுகை வந்தது, நீங்கள் பார்த்தீர்கள். அதன் பிறகு நீங்கள் ஒற்றை ஆளாக வலையை வளைத்ததையும், நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிக் கொப்புகளை ஒவ்வொன்றாக உதறி வெளியே போட்டதையும், விரலளவு இல்லாத குஞ்சுகளைப் பொறுக்கித் திரும்ப விட்டதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருடமாக வாவியைக் காப்பாற்றுகிறேன் என்று எழுதுகிறவள் நான். வாவித் தண்ணீரில் கையையாவது வைத்தது அன்றைக்குத்தான்.

ஏன் பெயர் போடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வருடத்துக்கு முன் என் பெயரிலேயே ஒன்று எழுதினேன், வாவி ஓரத்தைக் கல் போட்டு நிரப்பிக் கட்டடம் எழுப்பிய ஒருவரைப் பற்றி. இரண்டு பேர் வீட்டுக்கு வந்து உம்மாவுடன் மிகவும் மரியாதையாக அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்கள். அந்த மாதமே எனக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகுதான் பெயரில்லாத பக்கம்.

வீடியோவை எடுத்துவிட்டேன். பிழை என்று பதிவும் போட்டிருக்கிறேன். இதனுடன் உங்கள் சங்கத்துக்குத் தனியாக ஒரு கடிதம் இருக்கிறது. அதில் என் முழுப்பெயரும் முகவரியும் கையெழுத்தும் உண்டு. இனி மொட்டை இல்லை.

ஹஸீனா

—

கொக்கட்டிச்சோலை
24.08.2024

ஹஸீனா தங்கச்சிக்கு,

கடையில் இருக்கும் கண்ணாடிகளில் ஒன்றை நீங்களும் போட்டுப் பாருங்கள். கேலி முடிந்தது. இனிச் சொல்லப்போவது சிரிக்கக்கூடியதல்ல.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைச் சங்க நிர்வாகக் குழுவில் வாசித்தார்கள். நல்லரத்தினம் அண்ணன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். உதயரூபன் அண்ணன், அவர் எங்கள் துறையில் மூத்த தோணிக்காரர், கண்ணகையின் பெயரை வெட்டக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். ஆனால் மற்றவர்கள், கடிதத்தை நாங்கள் நம்புகிறோம், சந்தை நம்ப வேண்டுமே என்றார்கள். அதுவும் நியாயம். தக்ஷாயினி பார்த்துச் சொன்னாள், வீடியோவை நாலாயிரம் பேர் பரப்பியிருக்கிறார்களாம். பிழை என்று நீங்கள் போட்டதை அறுபத்தொரு பேர். நீங்கள் எடுத்துவிட்ட வீடியோவை இன்னும் எத்தனையோ பேர் வைத்திருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் கூட்டத்துக்கு வியாபாரிகளையும் கூப்பிடுவதென்றும், நீங்கள் வந்து எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று சொன்னால் பெயரை வெட்டுவதில்லை என்றும் முடிவு. நான் உங்களை வரச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்.

இனிக் கெட்டது. உங்கள் கடிதத்தைக் குழுவில் இருந்த ஒருவர் போனில் படம் பிடித்திருக்கிறார். அது நேற்றிலிருந்து வெளியே போய்விட்டது. உங்கள் பெயரும் முகவரியும் அப்படியே இருக்கிறது. 'காத்தான்குடிக்காரி நம்மட பெட்டைக்குச் செய்த வேலையப் பாருங்க' என்று தலைப்பாம். தக்ஷாயினிதான் வாசித்துக் காட்டினாள். பெயரைக் கேட்டுக் கேட்டு வாங்கியவள் நான். வாங்கியதைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லை.

இந்தக் கடிதம் வரும்முன் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லித் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

கண்ணகை

—

காத்தான்குடி
27.08.2024

கண்ணகை அக்காவுக்கு,

ஓம், உங்கள் கடிதம் வரும்முன் தெரிந்துவிட்டது. கடைக்கு வந்த ஒருவர் கண் பரிசோதிக்கும் கதிரையில் அமர்ந்துகொண்டு, எழுத்துகளை வாசிக்கச் சொன்னபோது என் பெயரை வாசித்தார். கடை முதலாளி நல்ல மனிதர். 'கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருங்கள், நிலைமை சரியாகட்டும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எடுத்த என் பழைய படமொன்றை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கீழே எழுதியிருப்பவற்றை உங்களுக்கு எழுத என்னால் முடியாது. உங்கள் ஊர்க்காரர் என் ஊரை ஏச, என் ஊர்க்காரர் உங்கள் ஊரை ஏச, வாவியைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. எங்கள் ஊரிலும் சிலர் எனக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு உங்களைப் பற்றி எழுதுகிறார்கள். நிறுத்துங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம். மறைக்க மாட்டேன். நான் உங்களுக்குச் செய்தது பெரிய அநியாயம், அதை ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அந்தக் கையெழுத்தை நான் கொடுத்தது உங்கள் கையில். பெயர் சொல்லி எழுந்து நிற்பது என்கிறீர்கள். உங்கள் சங்கக் கொட்டகைக்குள் எழுந்து நின்றால் முப்பது பேர் பார்ப்பார்கள். என்னை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். என் மூத்த சகோதரர் இன்ஷாப் காக்கா கட்டாரிலிருந்து தினமும் போன் எடுத்து, வாசலைத் தாண்டக் கூடாது என்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தைரியம் இல்லை. மன்னியுங்கள் என்று எழுதினேன், வெட்டிவிட்டேன். இப்போதைக்கு அந்தச் சொல்லை நான் உங்களிடம் கேட்கவும் இல்லை, தரவும் இல்லை.

ஹஸீனா

—

கொக்கட்டிச்சோலை
29.08.2024

ஹஸீனா தங்கச்சிக்கு,

இதைத் தபாலில் போடாமல் தக்ஷாயினியிடம் கொடுத்துவிடுகிறேன். காத்தான்குடி வழியாகத்தான் அவள் வேலைக்குப் போகிறாள்.

உங்கள் கோபம் சரி. கடிதத்தைப் படம் பிடித்தது எங்கள் சங்கச் செயலாளர் ரதீஸ். கண்ணகை அக்காவுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தானாம். கேட்டபோது பெருமையாக ஒப்புக்கொண்டான். அவனை நான் ஏசிய ஏச்சு துறை முழுக்கக் கேட்டிருக்கும். பாவம், நியாயம் கேட்கிற ஆசை அவனுக்கும் இருந்தது. உங்களுக்கு வந்த அதே பத்து நிமிட ஆசை.

நேற்று வேறொரு பேஸ்புக் பக்கத்துக்காரர் இரண்டு பேர் மூன்று கால் தாங்கியும் வெளிச்சமும் கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். நான் உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். "அழத் தேவையில்ல அக்கா, கண்ணத் தொடச்சாப் போதும்" என்றார்கள். ரதீசும் கூட நின்றான். இதில் பேசினால் ஊரே என் பக்கம் வந்துவிடும், என் பெயரை வெட்டச் சங்கத்தில் ஒருவருக்கும் துணிவு வராது என்றான். பொய்யில்லை, அவன் சொன்னது நடந்திருக்கும். நான் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் உங்களுக்கு மறைக்கவில்லை. மூத்த மகள் கதவு நிலையில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ட பிரச்சினைய நான் சங்கத்தில பேசிக்கிறன். அந்தப் புள்ளைய ஏச என்ட வாயத் தரமாட்டன்" என்று சொல்லி வெளிச்சத்தை அணைக்கச் சொன்னேன். அவர்கள் போனபிறகு அரிசிப் பானையைத் திறந்து எத்தனை நாளைக்கு வரும் என்று பார்த்தேன். வீரம் எல்லாம் ஒன்றுமில்லை.

நீங்கள் வர வேண்டாம். மனதாரத்தான் சொல்கிறேன். கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வெட்டினால் வெட்டட்டும். ஒருவர் வந்து தன் பிழையைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டதை என் முப்பத்தெட்டு வயதுக்கு நான் கண்டதில்லை. அது எனக்காக நடந்தது. அதையும் வாங்கிக்கொண்டு, உங்கள் மானத்தையும் வாங்கிக்கொண்டு தோணி இறக்க எனக்கு வேண்டாம்.

கண்ணகை அக்கா

—

கொக்கட்டிச்சோலை
03.09.2024

என் ஹஸீனாவுக்கு,

வர வேண்டாம் என்று எழுதியதற்கு நீங்கள் கொடுத்த பதில் அதுவா?

நீங்கள் உங்கள் உம்மாவுடன் ஆட்டோவில் வந்து இறங்கியபோது நான் கொட்டகைக்குள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். சத்தம் அடங்கியதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன். நீங்கள் பேசியது உங்களுக்குத் தெரியும், ஆனால் அது எங்களுக்கு எப்படிக் கேட்டது என்று உங்களுக்குத் தெரியாது. "என்ட பேரு ஹஸீனா, வாப்பாட பேரு முகம்மது தம்பி. நான் கண்டது சாக்க மட்டும்தான். மத்ததெல்லாம் நானா நினைச்சது. இவங்க கொட்டினது கொப்பு" என்றீர்கள். இவ்வளவுதான். ஒரு சொல் விழுங்கவில்லை. உங்கள் உம்மா பக்கத்தில் எழுந்து நின்றிருந்தார். அவரை யாரும் எழும்பச் சொல்லவில்லை. போகும்போது என்னிடம், "பிழையெண்டு தெரிஞ்சா எழும்பி நிண்டு சொல்லத்தானே வேணும் மகள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். உங்களைப் பெற்றவர் அவர்தான் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் போனபிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன். ஹலீம் நானா எழும்பி, தானும் வீடியோவைப் பார்த்துத்தான் நம்பியதாகவும் திங்கட்கிழமை வண்டி அனுப்புவதாகவும் சொன்னார். நல்லரத்தினம் அண்ணன் கை தூக்கச் சொன்னார். என் பெயரை வெட்ட ஒரு கையும் எழவில்லை. கூட்டம் முடிந்தது என்று எல்லோரும் எழும்பப்போகும்போது உதயரூபன் அண்ணன் எழுந்து நின்றார்.

"பேர் உதயரூபன். தகப்பன் பேர் கந்தப்போடி. அந்தக் கோழி என்ட" என்றார்.

அவர் வீட்டுக்குப் பின்னால் நானூறு கோழி வளர்க்கிறார். ஜூலைக் கடைசி வெயிலில் ஒரே நாளில் பாதி செத்துவிட்டதாம். சுகாதாரப் பரிசோதகர் வந்து பண்ணையை மூடிவிடுவார் என்ற பயத்தில் தோணியில் கொண்டுபோய் வாவியில் கொட்டியிருக்கிறார். என் வீடியோ வந்ததும் வாயை மூடிக்கொண்டார். "வேற கரையால ஒரு புள்ள வந்து எழும்பி நிண்டு சொல்லிட்டுப் போகுது. நான் இந்தக் கரையில பிறந்து குந்திக்கிட்டு இருக்கன்" என்றார்.

தங்கச்சி, அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரிடமும் போன் இருந்தது. ரதீசின் கையிலேயே இருந்தது. ஒருவரும் தூக்கவில்லை. ரதீஸ் தன் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்ததை நான் பார்த்தேன். உதயரூபன் அண்ணன் எனக்காகக் குழுவில் இரண்டு தரம் பேசியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதம் நான் பட்டதெல்லாம் அவருக்கு முன்னால்தான். மன்னித்துவிட்டேன் என்று எழுத இப்போதும் கை வரவில்லை. ஆனால் அவர் எழுந்து நிற்கும்போது குந்தியிருக்க முடியாமல் நானும் எழுந்து நின்றேன். அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் இரண்டு மாதம் தோணி இறக்கக் கூடாது என்று முடிவு. நேற்று நல்லரத்தினம் அண்ணன் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்புக்கொள்ள வைத்தார். வெள்ளிக்கிழமை உங்கள் கரைக்கு வந்து மிச்சம் கிடப்பதை அள்ளிக் குழி தோண்டிப் புதைப்பார்.

அவர் பெயரைப் பக்கத்தில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அந்தக் கோழிகளால் உங்களுக்கும் ஒரு மாதம் போயிருக்கிறது, உங்களுக்கு அந்த உரிமை உண்டு. எது செய்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன். பக்கத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். ஊசி குத்திய கை சொல்கிறது.

கண்ணகை அக்கா

—

காத்தான்குடி
06.09.2024

அக்காவுக்கு,

இன்றைக்குக் காலையில் அவர் வந்தார். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியுடன் தனியாக வந்தார். எங்கள் ஊர் ஆட்கள் நாலைந்து பேர் யாரென்று கேட்காமலே கூட இறங்கி அள்ளினார்கள். உம்மா தேத்தண்ணி கொடுத்தனுப்பினார். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, நானும் கிட்டப் போகவில்லை. முதலாளி திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். இன்ஷாப் காக்கா இன்னும் கோபம், ஆனால் 'என்ன பேசினாய்?' என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பக்கத்தை மூடவில்லை. இன்றைக்குப் போட்டதை உங்களுக்காகத் தாளிலும் எழுதுகிறேன். தக்ஷாயினி காட்டும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

'ஓகஸ்ட் இரண்டாம் திகதி நான் கண்ணகை என்ற பெண்ணின் மேல் சுமத்திய பழி பொய். அவர் வாவியில் போட்டது மரக்கொப்பு. அவர் தோணியில் இருந்து என் கையாலேயே எடுத்துப் பார்த்தேன். கோழிகளைப் போட்டவர், யாரும் கேட்காமலே தன்னவர்களுக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லிவிட்டார். உரிய இடத்திலும் போய்ச் சொல்லிவிட்டார். கரையைத் துப்புரவு செய்துவிட்டார். இனி இந்தப் பக்கத்தில் யாரைப் பற்றியும் அவரைக் கேட்காமல் எழுத மாட்டேன், என் பெயர் இல்லாமலும் எழுத மாட்டேன். ஹஸீனா முகம்மது தம்பி, காத்தான்குடி.'

காலையிலிருந்து இருநூற்றுப் பத்துப் பேர் கீழே வந்து ஆளின் பெயரைச் சொல்லு, பெயரைச் சொல்லு என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அக்கா. எல்லோருக்கும் என் பெயரைத்தான் கொடுக்கிறேன்.

உங்கள்
ஹஸீனா